ஜுரேமா டீச்சரும் நாற்பத்தைந்து ஆம்பியரும்

மோரோ ஆல்ட்டோ ஊரில் எந்த வண்டியும் மலை ஏறுகிற பக்கம் பார்த்து நிற்காது. தெருவே செங்குத்து. வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்கள் மூக்கு கீழே இருக்கிற மாதிரித்தான் நிறுத்துவார்கள். காலையில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டு, பத்தடி உருண்டதும் ரெண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் வண்டி இருமிக்கொண்டு கிளம்பிவிடும். பேட்டரி செத்தால் என்ன, இருந்தால் என்ன? சாவி கதவைத் திறக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஊர் அது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பாதி ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஜுரேமா டீச்சர், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை, தன் பூமாவையே பணயம் வைத்துவிட்டாள்.

பூமா என்றால் எழுபத்து நாலாம் வருஷத்துக் கார். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், பின்னால் என்ஜின், ரெண்டே பேர் உட்காரலாம், உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடியிழை. ஆரஞ்சு நிறம். ஓட்டுநர் பள்ளியில் இருபத்தாறு வருஷம் கிளட்ச்சை மிதித்துக் கால் வீங்கி, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அந்தக் காசுலதான் இதை வாங்கினேன்" என்று பதில் சொல்லி வாயடைத்தவள் அவள்.

அந்தக் காரின் மேல் கறிக்கடை வால்டோமிரோவுக்குப் பதினோரு வருஷமாக ஒரு கண். கண் என்ன கண், ரெண்டு கண்ணும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மாதா கோயில் முன்னால் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருத்தர் என்ஜினை ஒருத்தர் குறை சொல்லிக் காபி குடிப்பார்கள். அப்போது வால்டோமிரோ வந்து பூமாவை ஒரு சுற்று சுற்றி, தொப்பியைக் கழற்றி, "டீச்சரம்மா, எப்ப விக்கிறீங்க?" என்று கேட்பான். அவள் "நீ ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்ட அன்னிக்கு" என்பாள். ஊரே சிரிக்கும். அவளிடம் படித்து ஓட்டுநர் தேர்வில் அஞ்சு தடவை தோற்றவன் அவன் ஒருத்தன்தான். ஆறாவது தடவை தேர்வு அதிகாரிக்கு ஜுரம், அதனால் தேறினான் என்று இன்றைக்கும் பேச்சு உண்டு.

போன ஞாயிறு மட்டும் அவன் வேறு மாதிரி பேசிவிட்டான். சதுக்கம்தான் அந்த ஊரிலேயே ஒரே சமதரை. பூமாவைக் கிளப்ப வழக்கம்போல நாலு பேர் தள்ளினார்கள். தள்ளி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே வால்டோமிரோ சொன்னான்:

"ரெண்டு வருஷமா தள்ளிக்கிட்டே இருக்கோம் டீச்சரம்மா. ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவங்க வண்டி சாவிக்குக் கிளம்பலை. என்கிட்ட இருந்தா அது இப்படியா தவிக்கும்?"

தவிக்கும் என்ற வார்த்தைதான் சுட்டது. ஜுரேமாவுக்குக் கோபம் எப்பவும் மூக்கு நுனியில்.

"டேய், வர ஞாயித்துக்கிழமை இதே இடம். சமதரையில, ஒருத்தன் கை படாம, சாவியால கிளப்பறேன். மூணு தடவை திருப்புவேன். கிளம்பலைன்னா வண்டி உனக்கு. கிளம்பினா, இந்த ஜென்மத்துல விக்கிறீங்களான்னு என்னைக் கேக்கக்கூடாது!"

"சாட்சி?"

"நான் இருக்கேன்" என்றாள் ரொட்டிக்கடை கிளேவுசா, கையில் சீஸ் ரொட்டித் தட்டோடு. ஜுரேமாவின் பள்ளித் தோழி. தோழியாக இருந்தாலும் நியாயத்தில் ஒரு நூல் இறங்கமாட்டாள், அதுதான் பயம்.

வீட்டுக்கு வந்து கோபம் இறங்கினதும் ஜுரேமா பூமாவின் கதவைத் திறந்தாள். சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பேட்டரி பக்கவாட்டில் உப்பிக் கிடந்தது, முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. ஏழு வருஷப் பேட்டரி. சரி, இதை மாற்றினால் தீர்ந்தது என்று ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு பேட்டரி வாங்குவது என்ன பெரிய காரியம்?

பெரிய காரியம்தான். ஏனென்றால் அந்த ஊரில் பேட்டரி இல்லாமலே வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் பேட்டரியைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. முடிவெட்டுகிறவர் பெரிசா வாங்கு என்றார். மருந்துக்கடைக்காரர் கனமா இருக்கிறதா பார், கனம்தான் சக்தி என்றார். பாதிரியார் மட்டும் பிரார்த்தனை பண்ணுகிறேன் என்றார், அதுதான் உள்ளதிலேயே பயனுள்ள பதில்.

வியாழக்கிழமை பேட்டரிக்கடை ஜெர்சினோ அறுபது ஆம்பியர் பேட்டரி ஒன்றைத் தூக்கி மேஜை மேல் வைத்தான். மேஜை முனகியது.

"இதைப் போடுங்க டீச்சர், லாரியே கிளம்பும்."

"எனக்கு லாரி இல்லையேடா."

"வேணாம்னு சொல்ற அளவுக்குச் சக்தி இருக்கிறது நல்லதுதானே?"

அந்த வாதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாங்கிக்கொண்டு போய் வைத்தாள். உயரம் நாலு விரல் அதிகம். சீட்டைப் பின்னால் தள்ளினால் முனையில் இடிக்கிறது. சீட்டுக்கடியில் இரும்புச் சட்டம் வேறு. ஒரு குலுங்கலில் அது முனையைத் தொட்டால் பொறி பறக்கும். சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்து பார்த்தாள், முழங்கால் ரெண்டும் முகவாய்க்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து யாரோ சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுபோனாள். ஜெர்சினோ முகம் சுளிக்காமல் மாற்றிக்கொடுத்தான், அது அவன் குணம். இந்தத் தடவை நாற்பத்தைந்து ஆம்பியர், குட்டை, பார்க்க லட்சணமாக இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தால் குழியில் கனகச்சிதமாக உட்காருகிறது. ஆனால் சிவப்பு வயர் இந்தப் பக்கம், பேட்டரியின் பிளஸ் முனை அந்தப் பக்கம். வயரை இழுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒரு சாண் எட்டவில்லை. பேட்டரியைத் திருப்பி வைக்கலாம் என்றால் கீழ் விளிம்பைப் பிடிக்கிற கொக்கி அந்தப் பக்கம் பிடிக்காது.

"ஏண்டா, பேட்டரியில இடதுகை வலதுகைன்னு இருக்கிறதை முதல்லயே சொல்ல மாட்டியா?"

"நீங்க கேக்கலையே டீச்சர். வேகமா ஓட்டாதேன்னு மட்டும்தான் நீங்களும் எனக்குச் சொன்னீங்க, எப்படி நிறுத்தறதுன்னு நானாத்தான் கத்துக்கிட்டேன்."

பொய். நிறுத்தச் சொல்லிக்கொடுக்கத்தான் அவனுக்கு மூணு மாதம் ஆனது. ஆனாலும் ஜுரேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் பழைய பேட்டரியையே மடியில் கட்டாத குறையாகத் தூக்கிக்கொண்டு போனாள். அளவு நாடாவும் கையில். நீளம் அளந்தாள், உயரம் அளந்தாள், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டினாள். ஜெர்சினோ உள்ளே போய்த் துழாவிக் கொண்டுவந்த நாற்பத்தைந்து ஆம்பியர் பேட்டரி எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது. மதியம் பொருத்தினாள். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினாள். உள்ளே மண்டியிட்டு, வயரையெல்லாம் அசக்கி, திருகி, இறுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

கிளம்பியது! ரெண்டு வருஷத்தில் முதல் தடவை! பூமா தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமிய உறுமலில் தெருநாய்கள் எழுந்து ஓடின. ஜுரேமா ஸ்டீயரிங்கை முத்தமிட்டாள், உள்ளபடியே முத்தமிட்டாள். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளை தெருவில் நின்று ஆடினதை எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு காலை நல்ல பனி. அந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம், ஊர் வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஜுரேமா பச்சைச் சட்டை, கழுத்தில் சால்வை, உதட்டில் சாயம் எல்லாம் போட்டுக்கொண்டு பூமாவில் ஏறினாள். ஏறினவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? புதுப் பேட்டரி இருக்கிறது, சாவி இருக்கிறது, பிரேக்கை விட்டு உருட்டினாள்! கால் பழக்கம், ஐயா. பத்தடி, ரெண்டாவது கியர், கிளட்ச், கிளம்பிவிட்டது. பிறந்ததில் இருந்து உருட்டியே கிளப்பின கால், புதுப் பேட்டரி வாங்கினதை எங்கே கண்டது? பாதித் தெரு இறங்கின பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சரி, சதுக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கிக்கொண்டே போனாள்.

பூசை முடிந்ததும் கூட்டம் பூமாவைச் சுற்றிக்கொண்டது. கிளேவுசா கையில் சீஸ் வெட்டுகிற கத்தியோடு கடையிலிருந்து வெளியே வந்தாள். வால்டோமிரோ தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். அவன் முகத்தில் ஜெயிக்கப்போகிறவன் களை இல்லை, தேர்வுக்கு வந்தவன் முகம்தான்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் கிளேவுசா. "ஆரம்பிடி ஜுரேமா."

ஜுரேமா கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை பூத்துச் சாவியைத் திருப்பினாள்.

டக்.

அவ்வளவுதான். மீட்டர் விளக்குகள் சட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் மறுபடி எரிந்தன. கூட்டத்தில் ஒரு "ஐயோ" எழுந்து அடங்கியது.

"ஒண்ணு" என்றாள் கிளேவுசா. பாவி, குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

ஜுரேமா சாவியை விட்டுக் கையை எடுத்தாள். நேற்றுக் கிளம்பியதே! ஆரஞ்சு நிற மூக்கைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இது நாளைக்குக் கறிக்கடை வாசலில் நிற்கும் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. அழுதால் உதட்டுச் சாயத்துக்கு அர்த்தமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

ஜெர்சினோ அளக்கிற கருவியோடு ஓடிவந்தான். அவன் கடைப் பெயரும் அல்லவா சதுக்கத்தில் நிற்கிறது? பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான்.

"பேட்டரி குத்துக்கல்லு மாதிரி இருக்கு! டீச்சர் சாவியைத் திருப்பினப்ப விளக்கெல்லாம் செத்துச்சு, ஆனா இது முழுசா நிக்குது. என் பேட்டரி மேல பழி போடாதீங்க."

யாரும் போடவில்லை. ஆனால் அதற்குள் வால்டோமிரோவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தன் பிக்கப்பைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டி நிறுத்துகிறான், கையில் சிவப்பும் கறுப்புமாகக் கிளிப் வயர்.

"என்னடா பண்றே?"

"சும்மா இருங்க டீச்சரம்மா. அது டக்குனு சொன்னது என் நெஞ்சுல குத்துது." சிவப்புக் கிளிப்பை அவள் பேட்டரியில் மாட்டினான். கறுப்பு வயர் கொஞ்சம் குட்டை, சீட்டுக்குப் பின்னால் எட்டவில்லை. கறிக்கடை வண்டியில் எப்போதும் செய்கிற மாதிரி அதைப் பின்னால் என்ஜின் இரும்பிலேயே கடிக்கவிட்டான். "இப்ப திருப்புங்க."

திருப்பினாள். பூமா அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. புறாக்கள் கோயில் மணிக்கூண்டிலிருந்து கலைந்தன. கூட்டம் கைதட்டியது.

"ரெண்டு" என்றாள் கிளேவுசா. "ஆனா கிளம்பினது செல்லாது. இரவல் கரண்ட்டு."

"செல்லாதுதான்" என்றாள் ஜுரேமாவும். என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் நினைப்பு அந்தக் கறுப்புக் கிளிப்பிலேயே இருந்தது.

பேட்டரி முழுசாக இருக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. கறுப்பு வயர் என்ஜினைக் கடித்ததும் போய்ச் சேருகிறது. போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டாமா? மற்ற கார்களுக்கு உடம்பே இரும்பு, எப்படி வேண்டுமானாலும் வீடு திரும்பும். இவள் கார் உடம்பு கண்ணாடியிழை, குளியல்தொட்டிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. திரும்பி வர ஒரே ஒரு வழிதான்: பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து இரும்பு அடிச்சட்டத்துக்குப் போகிற செம்புக் கம்பிப் பின்னல் பட்டை.

"நில்ட்டன்!" என்று ஒரு கத்து கத்தினாள்.

பெயிண்டர் நில்ட்டன் வாயில் சீஸ் ரொட்டியோடு முன்னால் வந்தான். ரெண்டு வருஷம் முன்னால் பூமாவுக்கு ஆரஞ்சு அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினவன்.

"சீட்டுக்குப் பின்னால ஒரு பின்னல் பட்டை இருக்கே, அந்த போல்ட்டைக் கழட்டினியா?"

"ஆமா டீச்சர்." அவன் பெருமையாக விழுங்கினான். "அந்த இடம் வெறும் இரும்பாத் துருப்பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. நல்லாத் தேய்ச்சு, மூணு கை பெயிண்ட் அடிச்சு, அப்புறம்தான் பட்டையை மேல வச்சு முடுக்கினேன். யாரும் பார்க்காத இடம்தான், ஆனா நான் அப்படி விட மாட்டேன்."

ஜெர்சினோ தலையில் கை வைத்துக்கொண்டான். சதுக்கமே சிரித்த சிரிப்பில் பாதிரியாரே வாசலுக்கு வந்து பார்த்தார். ரெண்டு வருஷம்! பெயிண்ட் மேல் உட்கார்ந்த பட்டை விளக்குக்கும் ஹாரனுக்கும் கொஞ்சம் கசிய விட்டிருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய அளவு போகாது. நேற்று அசக்கி இறுக்கினதில் எங்கேயோ தொட்டு ஒரு தடவை கிளம்பி, கல் தெருவில் குலுங்கினதும் விட்டுப்போயிருக்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும் பெயிண்ட் காய்ந்த மறுநாளே தெரிந்திருக்கும். இந்த ஊரில்தான் எல்லாரும் உருட்டுகிறார்களே, யாருக்குத் தெரியும்?

"கிளேவுசா, கத்தியைக் கொடு."

"இது சீஸ் வெட்டறது!"

"கொடுடி!"

வாங்கிக்கொண்டு, ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீட்டை மடித்துத் தலைகீழாக உள்ளே பாய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு ரெண்டும் வெளியே ஆகாசத்தைப் பார்த்து ஆடின. உள்ளேயிருந்து கர்ர்க், கர்ர்க் என்று சுரண்டுகிற சத்தம். ஆரஞ்சுப் பொடி கதவு வழியாகப் பறந்தது. நில்ட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவனால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தபோது அவள் தலை கலைந்து, மூக்கில் ஆரஞ்சு. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிக்கப்பின் வயரைக் கழற்றச் சொன்னாள். வால்டோமிரோவே கழற்றினான்.

"என்ஜின் சூடாத்தான் இருக்கு, சமதரைதான், யாரும் தொடலை" என்றாள் கிளேவுசா. "இது கடைசி."

ஜுரேமா சிலுவை போட்டுக்கொண்டாள். திருப்பினாள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை பூமா. சட்டென்று கிளம்பியது. பழைய கார்க்காரர்கள் ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். ஜெர்சினோ "என் பேட்டரி! என் பேட்டரி!" என்று குதித்தான். ஜுரேமா இந்தத் தடவை அழுதாள், சாயம் கலைந்தால் கலையட்டும் என்று நன்றாகவே அழுதாள்.

வால்டோமிரோ வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கிளேவுசா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மட்டிப்பயலே! நீ அந்த வயரைக் கொண்டுவராம சும்மா நின்னிருந்தா வண்டி இப்ப உன்னுது. தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"அப்புறம் ஏண்டா கொண்டுவந்தே?"

அவன் தொப்பியைத் திருகினான். "அது கஷ்டப்படறதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?"

ஜுரேமா அதைக் கேட்டாள். பதினோரு வருஷமாக அவனை விரட்டினவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறங்கி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்தாள்.

"ஏறுடா."

"டீச்சரம்மா?"

"விக்கிறதுக்கு இல்லை. சதுக்கத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு. கண்ணாடியைச் சரிபண்ணு முதல்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

வால்டோமிரோ கையைச் சட்டையில் ரெண்டு தடவை துடைத்துக்கொண்டு ஏறினான். கண்ணாடியைச் சரிபண்ணினான். பூமா நகர்ந்தது. பாதிச் சதுக்கம் அழகாகத்தான் போனான். திருப்பத்தில், நடுச் சதுக்கத்தில், கிளட்ச்சை அவசரமாக விட்டான். பூமா ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது.

வழக்கம்போல நாலு பேர் தள்ளுவதற்கு ஓடிவந்தார்கள்.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று ஜுரேமா ஜன்னல் வழியாகக் கத்தினாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஆறு தடவை தேர்வுக்குப் போனவன், இன்னிக்கும் திருந்தலை. சாவியைத் திருப்பு" என்றாள்.

திருப்பினான். கிளம்பியது.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்வது? கறிக்கடையில் வியாபாரம் பார்க்கும்போது அவன் முகத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. மூணு ரவுண்டு ஓட்டினான். அவள் ஒரு ரவுண்டு என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜுரேமா வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக மேலே போய் வண்டியைத் திருப்பி இறங்கிவந்து நிறுத்துகிறவள், சற்று யோசித்து, ஏறிவந்தபடியே பூமாவின் மூக்கு மலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினாள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லையும் வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"டீச்சர், வண்டியைத் தப்பா நிறுத்தியிருக்கீங்க!"

"சரியாத்தான் நிறுத்தியிருக்கேன்" என்றாள் ஜுரேமா, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போனாள்.